மணவறையில் என் இடம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் வாயை இரண்டு தரம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தரம் ஒட்டியது நீ. மற்றத் தரம் ஒட்டியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பதிலை எங்கள் ஊர்க் கரம்பொன் தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவரும் வழியில் பிரித்து வாசிக்கலாம். வாசிக்கட்டும். நான் எழுதுவதில் யாருக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். பனி, வேலை, அந்த ஊர், அந்த ஊர்ச் சனம் என்று எழுதிக்கொண்டு போய், கேட்க வந்த விஷயத்தை நடுவில் இரண்டு வரியில் செருகி வைத்திருக்கிறாய். நான் அதைத்தான் முதலில் எடுக்கிறேன். வைகாசியில் உனக்குக் கலியாணம். பெண்ணின் ஊர் இறுப்பிட்டி. அவளுடைய தாய் தகப்பன், அண்ணன்மார், மாமன்மார் எல்லாரும் கனடாவில் இருந்து வாகனம் வாகனமாக வந்து இறங்குவார்கள். மாப்பிள்ளை பகுதியில் இறங்க ஒருவரும் இல்லை. எனக்கு விசா தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அக்காவுக்கும் அத்தானுக்கும் அதே பதில். அதனால் மணவறையில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இருக்கிற இடத்தில், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரனான சலீம் என்கிற அரபு நாட்டானையும், அவன் பெண்சாதி மரியத்தையும் இருத்த நினைக்கிறாய். கீழே அவன் மாவை அடுப்பில் வேகவைத்து விற்கிற பாண் கடை, மேலே உன் அறை. அந்தாள், "உன் தகப்பன் சரி என்று சொல்லாமல் நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டானாம். ஆகவே என் வாயால் ஒரு சொல் வேண்டும் என்கிறாய்.

உன் கடிதம் வந்த பின் மாரி மழை தொடங்கி முடிந்தும் விட்டது. நான் பதில் எழுதாமல் இருந்தது மறதியால் அல்ல. இன்னொருவன் என் இடத்தில் இருக்கிறதற்கு ஓம் என்று சொல்வது ஒரு நாளில் செய்கிற வேலை அல்ல. அந்தாள் என்னிடம் உத்தரவு கேட்பதே எனக்குச் சந்தேகமாய் இருந்தது. உறவும் இல்லை, ஊரும் இல்லை, பாஷையும் இல்லை. அவனுக்கு இதில் என்ன வரப்போகிறது?

உன் ஊரைப் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் தேசப்படப் புத்தகம் வாங்கி, அமெரிக்காவில் டொலிடோ என்கிற அந்த ஊர் ஒரு பெரிய ஏரியின் ஓரத்தில் இருக்கிறதைக் கண்டுபிடித்து வைத்தேன். ஆற்றுக்கு ஒரு பக்கம் ஹங்கேரிக்காரர். வேறொரு பக்கம் போலந்துக்காரர் கட்டிய தேவாலயம். அதன் பின்தெருவில் இப்போது லாவோஸ் நாட்டில் இருந்து வந்த சனம். தக்காளி பிடுங்க வந்து அப்படியே நின்றுவிட்ட மெக்சிக்கோக்காரர். பெருந்தெரு ஓரத்தில் விடுதி நடத்துகிற குஜராத்திக்காரர். வருடத்துக்கு ஒரு தரம் எல்லாரும் ஒரு மண்டபத்தில் மேசை போட்டுத் தங்கள் தங்கள் சமையலை விற்கிறீர்கள். உனக்கும் உன் சிநேகிதன் நெடுந்தீவு அருளுக்கும் சொந்தமாக ஒரு மேசை இல்லாததால், இந்தியா என்று எழுதிய மேசையின் ஓரத்தில் நின்று வடை சுட்டிருக்கிறீர்கள். வெள்ளைக்காரர் வரிசையில் நின்று வாங்கினார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

யார் யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எழுதினாயே தவிர, அவர்கள் வந்தபோது அந்தத் தெருவை விட்டுப் போனவர்கள் யார் என்று எழுதவில்லை. போலந்துக்காரரின் கோயிலுக்குப் பின்னால் இன்றைக்கு லாவோஸ்காரர் இருந்தால், போலந்துக்காரர் எங்கே? ஏன் போனார்கள்? வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கிறபோது என்ன சொல்லிக்கொண்டு போனார்கள்? மண்டபத்தில் ஒன்றாய்ச் சாப்பிடுகிற சனத்தைப் பார்த்து ஒரு ஊரை அறிய இயலாது. வீடு விற்றுவிட்டுப் போகிறவனைத் தேடிப் பிடித்துக் கேள். அவன்தான் உள்ளதைச் சொல்வான்.

"நயினாதீவுத் திருவிழா மாதிரி இருந்தது, ஐயா" என்று எழுதியிருந்தாய். நயினாதீவை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அம்மன் கோயிலும் விகாரையும் அடுத்தடுத்து இருக்கிற தீவு அது. ஒரே படகில் பூசைத் தட்டோடு எங்கள் பெண்களும், தாமரைப் பூவோடு சிங்களப் பெண்களும் போய் இறங்கியதை நான் கண்டிருக்கிறேன். இப்போது இறங்குதுறையில் சிப்பாய்கள் துவக்கோடு நின்று அடையாள அட்டை பார்க்கிறார்கள். கோயிலும் விகாரையும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. படகில் ஒன்றாய் இருந்த சனம்தான் இல்லை.

எனக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நாம் இருவரும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. நாங்கள் கடை வைத்திருந்த அந்தத் தெற்கூரின் பெயரை நான் எழுதுவதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பதினாறு வயதில் அந்த ஊருக்குப் போய், பிறத்தியான் கடையில் நின்று, சீனி சுற்றுகிற பழைய பத்திரிகைத் தாளில் சிங்களம் படித்து, சரக்குப் பெட்டிகளின் மேல் எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் படித்து, பிறகு சொந்தக் கடை போட்டவன் நான். நீ இன்றைக்கு டொலிடோவில் எப்படி இருக்கிறாயோ, அப்படித்தான் நான் அங்கே இருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு என்னை முன் கதிரையில் இருத்துவார்கள். புத்தாண்டுக்குப் பலகாரம் வரும். பொங்கலுக்கு நான் அனுப்புவேன். அங்கேயும் எல்லாரும் ஒன்றாய்த்தான் சாப்பிட்டோம்.

உன் அம்மா காலமானபோது நீ சின்னப் பிள்ளை. உன் அக்காவை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தேன். உன்னை அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்துச் சிங்களத் தையற்கடைக்காரனின் பெண்சாதிதான் உனக்குத் தலை வாரிவிட்டாள், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். நீ அவளை "அம்மே" என்று கூப்பிட்டாய். தன் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இவனும் கூப்பிடட்டும் என்றாள். அவள் புருஷன் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் என் தோளில் கையைப் போட்டு, "மாத்தயா, என் வீடும் உங்கள் வீடுதான்" என்று தங்கள் பாஷையில் சொல்லுவான். நான் எதையும் கேளாமலே சொல்லுவான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கீழ்க்கடைத் தெருவில் தமிழர் கடைகள் எரிந்து புகை எழும்பிய அந்த மத்தியானத்தில், நான் கடைப் பலகைகளை இழுத்து அடைத்துக்கொண்டு நின்றேன். நீதான் ஓடிப்போய் அவர்கள் கதவைத் தட்டினாய். உனக்குப் பதினெட்டு வயது, மீசை வந்த ஆம்பிளை. சின்னப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி "அம்மே, அம்மே" என்று கூப்பிட்டாய். உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நீ தட்டியதும் யாரோ அதை நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கடை எரிந்ததைக்கூட நான் மறந்துபோகக் கூடும், அந்தப் பார்வையை மறக்கமாட்டேன். பின்பக்க வாய்க்காலுக்குள் இறங்கி லொறிப் பட்டறையில் ஒளித்திருந்து, பொலிஸ் வண்டியில் முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தோம்.

கப்பலில் வைத்து நீ ஒரே ஒரு தரம் அதைப் பற்றிக் கதைத்தாய். "பயந்திருப்பா, ஐயா. உள்ளுக்குப் பிள்ளையள் இருந்தவையெல்லோ."

அதற்கு என் பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். அவள் பயந்தாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் பயத்தை வைத்துப் பூட்ட எனக்கு ஒரு கதவு இருக்கவில்லை. நீ அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிறகு, பொத்தான் தைக்க அவளிடம் கொடுத்திருந்த உன் பள்ளிக்கூடச் சட்டைகளை, தைத்து, அயர்ன் பண்ணி, ஒரு ஆள் மூலம் இங்கே அனுப்பியிருந்தாள். அழுதுகொண்டு தந்துவிட்டதாக வந்தவர் சொன்னார். நான் அந்தப் பொட்டலத்தை அலுமாரியில் வைக்கவில்லை. தெற்கில் இருந்து எங்களைப் போலவே வந்திருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அவளை மன்னித்துவிடுங்கள் என்று நீ எழுதாமல் எழுதுகிறாய். மன்னிப்பு என்னிடம் இல்லை. இல்லாததை நான் எங்கிருந்து எடுத்துத் தருவது?

ஆகவே மகனே, நீ எங்கே போனாலும் உனக்கு ஒரு தாயையும் தகப்பனையும் தேடிக்கொள்கிற பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் பயம். இரண்டாந் தரமும் நீ போய் ஒரு கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி நிற்கிறதைக் காண நான் அங்கே இருக்கமாட்டேன்.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். என் இடத்தில் எவனும் இருக்கக் கூடாது, அது காலியாக இருக்கட்டும் என்று சொன்னேன். அவள் குசினிக்குள் இருந்து அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஐயா, நீங்கள் அங்க போனாலும் மணவறையில ஏறி இருக்க ஏலாது. என்ர கலியாணத்தில ஆர் இருந்தது? சித்தப்பாவும் சித்தியும். நீங்கள் பந்தலுக்குப் பின்னால தேத்தண்ணிக் கேத்திலுக்குக் காவல் நிண்டனீங்கள். இல்லாத இடத்துக்கு ஏன் உந்தச் சண்டை?"

பெற்ற பிள்ளை அப்படித்தான் கதைப்பாள். ஆனால் அவள் சொன்னது முறை. தாரை வார்க்கிற வேளையில் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் இருக்க வேண்டும். பெண்சாதியை இழந்தவன் தன் பிள்ளையின் கலியாணத்தில் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். உன் அம்மா இருந்த நாளில்தான் அந்த இடம் என்னுடையது. நான் எதற்கும் முறையை வளைத்தவன் அல்ல. அக்காவின் கலியாணத்தில் பின்னால் நின்றேன், உன்னுடையதற்கும் நின்றிருப்பேன். பார்த்துக்கொண்டாவது நின்றிருப்பேன்.

முறை என்று வந்துவிட்டால் முறைப்படி யோசிக்க வேண்டும். அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். அருள் உன் சிநேகிதன், ஆனால் தனி ஆள், அதோடு தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரன். பெண்ணின் மாமன் ஒருவர் தானும் மனைவியும் உன் பக்கம் இருக்கிறோம் என்று சொன்னாராம். நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் கொடுக்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே ஆட்களாக இருந்தால் அது கலியாணமா, பொம்மை விளையாட்டா? பின்னொரு நாள் ஒரு சொல் கூடக் குறைய வந்தால், உனக்காகப் பேச ஒருவன் வேண்டாமா? பூசை செய்ய வருகிற தெலுங்கு ஐயர், குஜராத்தி விடுதிக்காரரையும் மனைவியையும் இருத்தினால் சடங்கு சுத்தமாக நடக்கும் என்கிறார். நடக்கும். அவர்களுக்குத் தட்டு ஏந்தத் தெரியும், தேங்காய் உடைக்கத் தெரியும். உன் வீடு எந்தத் தெருவில் என்று தெரியுமா? உன்னை ஒரு மேசையின் ஓரத்தில் நிற்க விட்டவர்கள் அவர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு மறுநாள் அவர்களுக்கும் உனக்கும் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இப்படி ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அந்தப் பாண் கடைக்காரன்தான் மிஞ்சினான். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய படத்தை வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரிய மூக்கு, வழுக்கைத் தலை, கை இரண்டும் மாவு. பெண்சாதி சிரிக்கவில்லை. பெயரை வைத்து அவர்கள் எந்தச் சமயம் என்றுகூடக் கண்டுபிடிக்க இயலவில்லை. நீ எழுதுவதில் எல்லாம் நல்லது மட்டுமே இருக்கிறதால் உன் எழுத்தை நான் நம்புவதில்லை. வேறொரு வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அருளின் அண்ணன் செபஸ்தி நெடுந்தீவில் மாடு வளர்க்கிறான், அருள் அடிக்கடி ஒலிநாடாக் கசற்றில் பேசி அவனுக்கு அனுப்புகிறான் என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். தை பிறந்து கடல் அடங்கியதும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் நெடுந்தீவுப் படகில் ஏறினேன். இந்த வயது வரைக்கும் நெடுந்தீவில் கால் வைத்ததில்லை. போக ஒரு தேவையும் இருந்ததில்லை.

செபஸ்தி தன் வீட்டுக் கல் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தபடியே நின்றான். யார் என்று சொன்னேன்.

"கரம்பொனாருக்கு நெடுந்தீவுக்கும் வழி தெரிஞ்சுதோ?" என்றான். "உங்கட பக்கத்து ஆக்கள் எங்களைப் பற்றி என்ன கதைக்கிறவையெண்டு எங்களுக்குத் தெரியும். எண்டாலும் வந்திட்டியள், இருந்து மோர் குடியுங்கோ."

குடித்தேன். நல்ல மோர். அவன் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்கும் சந்தேகம். சீதனக் கதை, பெண் பகுதியைப் பற்றி உளவு என்று நினைத்திருப்பான். நான் நேரே கேட்டேன், அந்தப் பாண் கடைக்காரன் எப்படிப்பட்டவன் என்று. செபஸ்தி, கிழவனின் மகன்மார் மூன்று பேர் அதே ஊரில் இருந்தும் ஒருவரும் கடைப் பக்கம் வருவதில்லை, கிழவனுக்கு வாய் பொல்லாதது, கோபக்காரன், வாடகை ஒரு நாள் பிந்தினாலும் கத்துவான் என்று அருள் சொன்னதைச் சொன்னான். நான் நினைத்தது சரி என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. பெற்ற மகன்மார் விலகி நிற்கிற தகப்பன் என் மகனைப் பிடிக்கப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் அவன் இதைச் சொன்னான்.

"எண்டாலும், போன மாரிக்குப் பெடியனுக்குச் சளி நெஞ்சில கட்டிக் கிடந்த நேரம் அந்தக் கிழவன் இல்லாட்டி என்ன நடந்திருக்கும்? உங்களுக்குத் தெரியுந்தானே?"

"ஓம், தெரியும்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரியும் என்று சொன்னதால் அவன் கதையை முழுவதும் சொல்லவில்லை, துண்டு துண்டாய்த்தான் சொன்னான். நான் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். தலைக்கு மேலே உன் காலடிச் சத்தம் இல்லையே என்று விடியப்புறம் அடுப்பில் பாண் வேகிற நேரத்தில் கிழவனுக்கு ஒரு எண்ணம் வந்ததாம். மேலே ஏறிப் போய்த் தட்டினானாம். நீ திறக்கவில்லை. இரண்டாந் தரம் தட்டவில்லையாம், தோளால் இடித்து உடைத்தானாம். உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனானாம். திரும்பி வந்த பிறகு அடுப்புக்குப் பக்கத்து அறையில் வைத்து அந்த மனிசி பார்த்தாளாம். "அண்டைக்கு அடுப்பில இருந்த பாண் முழுக்கக் கரிஞ்சு போச்சாம். கடை முழுக்கப் புகையாம்" என்று செபஸ்தி சிரித்தான்.

திரும்பி வருகிற படகில் நான் சும்மா இருக்கவில்லை. உன்மேல் கோபப்பட்டேன், தகப்பனுக்கு மறைத்ததை நெடுந்தீவில் மாடு வளர்க்கிறவன் அறிந்திருக்கிறான். பிறகு அந்தாள்மேல் சந்தேகப்பட்டேன். வீடு அவனுடையது, உடைத்தது தன் கதவைத்தானே. தன் வீட்டில் ஒரு பிணம் கிடந்தால் பொலிஸ் வரும், அதற்குப் பயந்திருப்பான். பார்த்துக்கொண்டது நல்ல பெயர் எடுக்க. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆனால் அந்தக் கரிந்த பாணை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் என்னால் சந்தேகப்பட முடியவில்லை. நானும் கடை வைத்திருந்தவன். கடைக்காரன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், ஓடுகிறபோது ஒரு கையால் தன் சரக்கைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுவான். அடுப்பை அணைக்க, பாணை இழுத்து வெளியே போட, பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல, எவ்வளவு நேரம் போகும்? அந்த அளவு நேரம்கூட அந்த மனிதர் யோசிக்கவில்லை. என் வீடும் உன் வீடுதான் என்று அவர் உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வாடகைக்குத்தான் கத்தியிருப்பார்.

இதனால் என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒரு மனிதர் ஒரு விடியலில் செய்ததற்கு அவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். அதற்காக அந்த ஊர் முழுவதையும் நம்பிவிடக் கூடாது. ஊரை ஒன்றாகவும் மனிதரை ஒன்றாகவும் வைத்துக்கொள். நான் அந்தத் தெற்கூரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டினேன். நீயும் அவளும் சேர்ந்து வீடு எடுக்கிறபோது, எங்கள் ஆட்கள் மட்டும் இருக்கிற தெருவிலும் எடுக்காதே, நீங்கள் ஒரு குடும்பம் மட்டும் தனியே இருக்கிற தெருவிலும் எடுக்காதே. பின்பக்கத்தாலும் ஒரு வழி இருக்கட்டும். உனக்குக் கீழே நிற்கிறவனின் பாஷையைப் படி. தக்காளி பிடுங்குகிறவனின் பாஷையும் லாவோஸ்காரனின் பாஷையும் இரண்டு இரண்டு சொல்லாவது தெரிந்திருக்கட்டும். ஊரில் என்ன நடக்கப் போகிறது என்பது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிய முன்னமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடையில் கூலிக்கு மூட்டை இறக்க வருகிறவன்தான் எனக்குக் கடை எரிந்த அன்று காலையில், இன்றைக்குத் திறக்காதீர்கள் என்று சொன்னவன். நான் கேட்கவில்லை.

அவளை, வருகிற மருமகளை, அந்தக் குளிரில் அறைக்குள் அடைத்து வைக்காதே. இறுப்பிட்டிப் பெண் கடலைப் பார்த்து வளர்ந்தவள். நீ நல்லது மட்டும் எழுதுகிற பழக்கத்தை அவளிடம் காட்டாதே. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல். எனக்கும் அப்படியே எழுது. உனக்கு வருத்தம் என்று கேட்டு நான் இங்கே செத்துப்போகமாட்டேன். இன்னொருவன் வாயால் கேட்டு, தெரியும் என்று பொய் சொல்லிக்கொண்டு மோர் குடிக்கிறதுதான் கஷ்டம்.

இனி என் பதில். அவர்கள் இரண்டு பேரும் இருக்கட்டும். அதற்கு நான் சொல்கிறபடி நடக்க வேண்டும். அன்று காலையில் இருவரும் முழுகி, சடங்கு முடியும் வரைக்கும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பாண் போடுகிறவருக்கு அது கஷ்டம் என்றால் முதல் நாளே கடையைப் பூட்டட்டும். வேட்டியை அருள் கட்டிவிடட்டும். உள்ளே காற்சட்டை போட்டுக்கொண்டு மேலே கட்டுகிற வேலை வேண்டாம். அவர்கள் கும்பிடுகிற கடவுள் யாராக இருந்தாலும், அந்தக் கும்பிடுதலை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதே. மனதுக்குள் தங்கள் பாஷையில் கும்பிடட்டும். இன்னொன்று, அவருடைய மகன்மார் மூவர் வீட்டுக்கும் நீயே நேரில் போய்க் கலியாணத்துக்குச் சொல். வருகிறார்களோ இல்லையோ, தங்கள் தகப்பன் அன்றைக்கு எங்கே, எதற்காக இருக்கிறார் என்று அவர்கள் உன் வாயால் அறிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு காலத்தில் எங்கள் தகப்பனை நீ பிடுங்கிக்கொண்டாய் என்று எவனும் வந்து நிற்க இடம் வைக்காதே.

கடைசியாக, ஐயருக்கு மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். பெண்ணைக் கொடுக்கிற வேளையில், இன்னாருடைய வழியில் வந்த இன்னாருடைய மகனுக்கு என்று மூன்று தரம் சொல்லுவார்கள். என் தகப்பனாரின் தகப்பன், உன் பூட்டனார் பெயர் கதிரேசர். என் தகப்பனார் பெயர் சின்னத்தம்பியர். தெலுங்கு வாய் இந்தப் பெயர்களைக் குழப்பிவிடும். முன்னரே பக்கத்தில் இருந்து சொல்லிப் பழக்கு. மூன்றாவது பெயர், உன் தகப்பன் பெயர், உனக்குத் தெரியும். ஒவ்வொரு பெயரும் சொல்லி முடிந்ததும், மாப்பிள்ளையின் தகப்பன் சம்மதம் என்று தலையசைக்க வேண்டும். முதல் இரண்டு பெயருக்கும் சலீம் தலையசைக்கட்டும், அந்த இருவரும் இப்போது இல்லை. மூன்றாவது பெயரைச் சொல்லுகிறபோது மட்டும் அவர் அசையாமல் இருக்க வேண்டும். அந்த வேளை அங்கே எத்தனை மணிக்கு வரும் என்று முன்னரே சரியாக எழுதி அனுப்பு. அதற்கு இங்கே என்ன நேரம் என்று நான் கணக்குப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பெயருக்குத் தலையசைக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் ஐயா